விழுப்புரம் பாசஞ்சரில் ஒரு க்ரூஸர்

அந்த அக்காவுக்கு உலகத்தில் இருப்பது இரண்டே வகை. ஒன்று பெருசு, இன்னொன்று சிறுசு. சிறுசைக் கண்டால் அடிப்பார், பெருசைக் கண்டால் ஓடுவார். நடுவில் யோசிப்பது, தயங்குவது, கௌரவம் பார்ப்பது எதுவும் கிடையாது. சண்டை போடுவதையும் சண்டையிலிருந்து ஓடுவதையும் ஒரே உற்சாகத்தோடு செய்த இன்னொரு மனுஷியை நான் பார்த்ததில்லை.

நான் முதன்முதலில் அவரைப் பார்த்தது திண்டிவனம் ஸ்டேஷனில், விழுப்புரத்துக்கு வேலைக்குப் போக ஆரம்பித்த முதல் நாள். காலை பாசஞ்சர் வந்து நின்றது. பெண்கள் பெட்டியில் நாலு ஆண்கள் காலை நீட்டிக்கொண்டு சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஏறிய பெண்களெல்லாம் வாசலோரம் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து நின்றோம். நமக்கு எதற்கு வம்பு என்று ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் என் பின்னால் இருந்து ஒரு அக்கா எட்டிப் பார்த்து, "சிறுசு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நாலு பேரும் நல்ல வாட்டசாட்டமாகத்தான் இருந்தார்கள்.

அக்கா நேராகப் போய்ச் சீட்டுக்கட்டின் மேல் தன் சாப்பாட்டுக் கூடையை வைத்தார். பிறகு அந்த நாலு பேரில் மீசை பெரிதாக இருந்தவரின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, ரொம்பப் பிரியமாகக் கேட்டார்.

"இன்னாங்கடி, நாலு பேரும் புதுசா இருக்கறீங்க? எந்தக் கடையில வேல?"

அந்த ஆள் திருதிருவென்று விழித்தார்.

"இது லேடீஸ் பொட்டி, அப்ப நீங்க லேடீஸ்தான? வெக்கப்படாத, சொல்லு. மீசையெல்லாம் வெச்சுக்கினு இருக்கற, வூட்டுக்காரரு ஒண்ணும் சொல்றதில்லையா?"

வாசலில் நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் வண்டியே ஆடியது. நாலு பேரும் மயிலம் வருவதற்குள் சீட்டைப் பொறுக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்கள். அக்கா சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, "உக்காருங்கடி, ஜல்தி" என்றார். அன்றைக்கே எனக்கு அவர் மேல் பைத்தியம் பிடித்துவிட்டது.

அடுத்த வாரமே அவருடைய இன்னொரு பக்கத்தைப் பார்த்தேன். பேரணி ஸ்டேஷனில் டிக்கெட் பரிசோதகர் ஏறினார். எங்கள் எல்லோரிடமும் சீசன் டிக்கெட் இருந்தது. அக்காவின் சீசன் டிக்கெட் மட்டும் அவர் வீட்டு டிவி மேல் இருந்தது. விஷயத்தைச் சொல்லிக் கெஞ்சிப் பார்ப்பார் என்று நினைத்தேன். "பெருசுடி!" என்றார். அவ்வளவுதான். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்டவாளப் பக்கத்துக் கதவு வழியாகக் குதித்து, கருங்கல் ஜல்லியில் ஓடி, பின்பெட்டியில் ஏறிவிட்டார். விழுப்புரம் பிளாட்பாரத்தில் மூச்சு வாங்க, முகமெல்லாம் சிரிப்பாக எங்கள் முன்னால் வந்து நின்றார்.

"பாத்தியா, என் ஸ்பீடு எப்பிடி?"

தப்பித்ததில் துளி வெட்கம் இல்லை. நான்தான் அவருக்கும் சேர்த்து வெட்கப்பட்டேன். "ஏங்க்கா, அன்னிக்கு நாலு ஆம்பளைங்களையே வெரட்டினீங்க, இவரு ஒத்த ஆளு" என்றேன்.

"அவரு கோட்டுக்குள்ள கவர்மெண்டே இருக்குதுடி. கவர்மெண்டு எத்தினி பெருசு?"

அன்று மத்தியானம் வேலையிடத்தில் ஒன்றாகச் சாப்பிடும்போதுதான் பர்ஸைத் திறந்து காட்டினார். மயிலம் முருகன் படத்துக்குப் பின்னால் கசங்கிய கறுப்பு வெள்ளை போட்டோ ஒன்று. அதில் ஒரு கப்பல், இரண்டு புகைபோக்கி, மூன்று மூன்றாக நீட்டிக்கொண்டிருந்த பீரங்கிகள். கப்பலின் மூக்கில் குங்குமம் வைத்திருந்தார். அது க்ரூஸர் என்ற வகைப் போர்க்கப்பல் என்றார். எனக்கு க்ரூஸர் என்றால் கல்யாணத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன்தான் தெரியும். அதைச் சொன்னதற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கோபம் தீர்ந்த பிறகுதான் முழுக் கதையையும் சொன்னார்.

அக்காவின் அப்பா கப்பற்படையில் சமையற்காரர். வெள்ளைக்காரர்களிடம் வாங்கிய அந்தப் பழைய க்ரூஸரில் நூற்றுக்கணக்கான பேருக்குச் சப்பாத்தி சுட்டவர். லீவில் திண்டிவனம் வரும்போதெல்லாம் மகளை மடியில் உட்காரவைத்துக் கப்பல் கதைதான் சொல்வாராம். சமையற்காரர் என்பதால் எல்லாக் கப்பலையும் சாப்பாட்டில்தான் விளக்குவார். பெரிய பேட்டில்ஷிப் கல்யாணப் பந்தி, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. சின்ன டிஸ்ட்ராயர் டீக்கடை பன், ஓடிக்கொண்டே தின்னலாம், ஆனால் பசி தாங்காது. க்ரூஸர்தான் மீல்ஸ். வயிறும் நிறையும், எழுந்து ஓடவும் முடியும். துணைக்கு ஒருத்தரும் இல்லாமல் தன்னந்தனியாக எத்தனை தூரமானாலும் போய்வரும்.

"க்ரூஸரோட சூட்சுமம் என்னான்னு எங்கப்பா சொல்வாரு. தன்ன விட ஸ்பீடா ஓடறத அடிச்சுப்புடும், தன்ன விட பெருசா இருக்கறத ஓடியே ஜெயிச்சுப்புடும். அடிக்கறதா ஓடறதான்னு பாத்த ஒடனே தெரிஞ்சுடணும். லேட்டு பண்ணா முழுவிடும்."

சொல்லிவிட்டு என் டப்பாவிலிருந்து ஊறுகாயை எடுத்துக்கொண்டார். கேட்கவில்லை. நான் சிறுசு.

நாங்கள் இருவரும் வேலை பார்த்தது விழுப்புரத்தில் ஒரு சின்ன அச்சகத்தில். நான் உள்ளே கம்ப்யூட்டரில் எழுத்துக் கோப்பவள். அக்கா முன்மேஜையில் ஆர்டர் எடுப்பவர். கல்யாணப் பத்திரிகைதான் எங்கள் பிழைப்பு. வெளியே இருப்பவர்களுக்குக் கல்யாணப் பத்திரிகை என்பது நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய அட்டை. அது எப்பேர்ப்பட்ட போர்க்களம் என்று எங்களைக் கேட்டால் தெரியும். கடைசிப் பக்கத்தில் "தங்கள் வரவை விரும்பும்" என்று ஒரு பட்டியல் வருமே, அதில் எந்த மாமன் மேலே, எந்தச் சித்தப்பா கீழே என்பதில் அண்ணன் தம்பிகள் ஆயுசுக்கும் பேசாமல் போயிருக்கிறார்கள். பத்திரிகையை அடிக்கச் சொன்னவர்களை விட்டுவிட்டு அச்சடித்தவர்களிடம்தான் முதலில் சண்டைக்கு வருவார்கள்.

அப்படி ஒரு தாய்மாமன் வந்தார். தன் பெயர் கடைசி வரியில் இருக்கிறதாம். மேஜையில் பத்திரிகையை ஓங்கி அடித்தார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது, சிறுசு.

"ஏங்க, நீங்க வூடு கட்டி இருக்கறீங்களா?"

"கட்டி இருக்கறேன். அதுக்கு இன்னா இப்ப?"

"அஸ்திவாரத்த எங்க போட்டீங்க, மொட்ட மாடியிலயா? கீழ உங்க பேரு நிக்கறதாலதான மேல இருக்கற அத்தினி பேரும் உழாம நிக்கறாங்க. மேல போவணும்னா சொல்லுங்க, மாத்திடறேன். அப்பறம் கல்யாணம் ஆட்டங்கண்டுதுன்னா என்னக் கேக்கக்கூடாது."

அவர் பத்திரிகையை மறுபடி எடுத்துப் பார்த்தார். ஒருமுறை இருமிக்கொண்டார். "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனவர், வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் அந்தக் கடைசி வரியைத்தான் காட்டிக்கொண்டு போனாராம்.

ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை மூன்று வண்டியில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். பத்திரிகையில் மணப்பெண்ணின் படிப்பையே போடாமல் விட்டுவிட்டோம் என்று சண்டை. அவர்களே பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பத்திரிகைதான். ஆனாலும் மூன்று வண்டி ஆட்களிடம் அதைச் சொல்ல முடியுமா? "பெருசு" என்றார் அக்கா. வெள்ளிக்கிழமை என்பதால் சாம்பிராணித் தட்டில் நெருப்பு இருந்தது. டப்பாவோடு சாம்பிராணியைக் கொட்டி, வந்தவர்களின் மூக்குக்கு நேராக மூன்று சுற்றுச் சுற்றினார். அச்சகம் முழுக்க வெள்ளைப் புகை. அவர்கள் இருமி முடித்துக் கண்ணைத் துடைத்துப் பார்த்தபோது முதலாளி மட்டும்தான் இருந்தார். நாங்களெல்லாம் பின்வாசல் வழியாக ஓடி, பழைய பஸ் ஸ்டாண்டில் கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தோம்.

"பொகத்திர போடறதுன்னு பேரு. எங்கப்பா கப்பல்ல எண்ணெயப் பத்தவெச்சுப் போடுவாங்க" என்று விளக்கினார். முதலாளி எப்படித் தப்பினார் என்று கேட்டோம். "அவரு மொதலாளி. அவரு கப்பல அவருதான் பாத்துக்கணும்" என்றார்.

வீட்டிலும் இதே கதைதான். அவர் வீட்டுக்காரர் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை எடை போடுகிறவர், பாவம், வாயே திறக்கமாட்டார். சிறுசிலும் சிறுசு. மாமியார்தான் பெருசு. மாமியார் செஞ்சியில் பஸ் ஏறிவிட்டார் என்று போன் வந்தால் போதும், அக்கா ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வந்துவிடுவார். பூட்டிய அச்சகத்தின் படியில் உட்கார்ந்து வார இதழ் படித்துவிட்டுச் சாயங்கால வண்டியில் திரும்பிப் போனதைக் கண்ணால் பார்த்த எதிர் டீக்கடைக்காரர் இருக்கிறார்.

இப்படிச் சிரித்துச் சிரித்தே போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் நான் எங்கள் அச்சகத்தில் ஆஃப்செட் மெஷின் ஓட்டியவரைக் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவெடுத்தேன். அவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவார்கள், எங்கள் வீட்டில் கிருத்திகைக்கு மயிலம் போவோம். அதுகூடப் பரவாயில்லை. எங்கள் வீடு நிலம் வைத்திருந்த வீடு, அவர் வீடு நிலத்தில் கூலிக்கு இறங்கிய வீடு. எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. என் அப்பா அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசாதவர். அந்த அண்ணன், என் பெரியப்பா, கண்டாச்சிபுரத்தில் இருந்துகொண்டு எங்கள் குடும்பத்தில் எந்தக் குழந்தைக்கு என்ன பெயர், எந்தக் கொல்லையில் எப்போது மல்லாட்டை பிடுங்குவது என்பதுவரை முடிவு செய்கிறவர். எனக்கு அவர் பார்த்து வைத்திருந்தது பெரியம்மாவின் அண்ணன் மகனை.

பதிவுத் திருமணம்தான் வழி. ஊருக்கெல்லாம் பத்திரிகை அடித்துக் கொடுத்த எங்களுக்கு ஒரு பத்திரிகை இல்லை. அதற்குப் பதிலாகத் திண்டிவனத்தில் பதிவாளர் அலுவலகப் பலகையில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். முப்பது நாள் அது அங்கே இருக்க வேண்டும், அதுதான் சட்டம். முப்பது நாளும் நான் சோறு தின்றேனா மண்ணைத் தின்றேனா என்று தெரியாது. யாரும் பார்க்கவில்லை. முப்பது நாளும் முடிந்து, நாங்கள் பதிவுக்குப் போன அன்று காலையில்தான் நிலம் பதிய வந்த எங்கள் உறவுக்காரர் ஒருவர் வெற்றிலை போட்டுக்கொண்டே அந்தப் பலகையைப் படித்திருக்கிறார். உடனே கண்டாச்சிபுரத்துக்குப் போன் போய்விட்டது.

எங்களுக்கு இது தெரியாது. வேலைக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தேன். சாட்சிக் கையெழுத்துப் போட டீக்கடைக்காரரும் அவர் மனைவியும் அச்சக நண்பர் ஒருவரும் வந்திருந்தார்கள். அக்கா துணைக்கு. என் தலையில் பூ வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்து, "இப்பதான் கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கற. இத்தினி நேரம் ஃபைல் குடுக்க வந்தவ மாதிரி இருந்த" என்றார். அலுவலகம் மாடியில். எங்களுக்கு முன்னால் இரண்டு கிரயப் பத்திரம் இருந்தது. காத்திருந்தோம். அக்கா வரிசையில் இருந்த எல்லோரையும் பெருசா சிறுசா என்று என் காதில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பயத்திலும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஜன்னல் வழியாக வெள்ளை வண்டி ஒன்று வந்து நிற்பது தெரிந்தது. முதலில் ஒரு துண்டு இறங்கியது, பிறகு பெரியப்பா. அவருக்குப் பின்னால் ஆறேழு பேர். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"யாருடி அது?"

"எங்க பெரியப்பா."

அக்கா குனிந்து பார்த்தார். நன்றாகப் பார்த்தார். "பெருசுடி" என்றார். அவர் குரலில் அப்படி ஒரு பயத்தை நான் கேட்டதே இல்லை.

பின்பக்கம் இன்னொரு படி இருந்தது. அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடப்போகிறார் என்றுதான் நினைத்தேன். நானும் ஓடத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் ஓடி எங்கே போவது? எங்கள் பெயரைக் கூப்பிடும்போது நாங்கள் அங்கே இல்லையென்றால் கல்யாணம் இல்லை. சாயங்காலத்துக்குள் என்னைப் பிடித்துவிடுவார்கள். ஒரு வாரத்தில் கண்டாச்சிபுரத்தில் வேறொருவருக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டிருப்பேன். அக்கா பின்படியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பக்கத்தில் சட்டையெல்லாம் வேர்வையாக நின்ற என்னவரைப் பார்த்தார். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்படியில் இறங்கிப் போனார்.

"அக்கா!" என்றேன். திரும்பவில்லை.

அந்தப் படி ஒடுங்கலானது, ஒரு ஆள்தான் ஏறலாம். பாதிப் படியில் நின்று இரண்டு கையையும் இரண்டு பக்கச் சுவரிலும் ஊன்றிக்கொண்டார். கீழேயிருந்து பெரியப்பாவின் குரல் கேட்டது. "இந்தாம்மா, வழிய உடு." அதற்கு அக்கா ஏதோ சொன்னார். என்னவென்று கேட்கவில்லை, ஏனென்றால் அதற்குள் எங்கள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அதிகாரி நிதானமாக ஒவ்வொரு தாளாகப் படித்தார். "யாரும் கட்டாயப்படுத்தலையேம்மா?" என்று கேட்டார். எனக்கு ஏனோ பயங்கரமாகச் சிரிப்பு வந்துவிட்டது. இல்லை இல்லை என்று தலையை ஆட்டினேன். உறுதிமொழி சொன்னோம். எங்கே போடு என்றாரோ அங்கெல்லாம் கையெழுத்துப் போட்டேன். காது மட்டும் படியில் இருந்தது. டீக்கடைக்காரரின் மனைவி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள் எனக்கு ஒரு ஆயுசு போய் வந்தது. கடைசியில் அதிகாரி முத்திரையை எடுத்துக் குத்தினார்.

நாங்கள் படிக்கு ஓடிவந்தோம். அக்கா அதே இடத்தில், அதே மாதிரி, இரண்டு கையையும் சுவரில் ஊன்றி நின்றுகொண்டிருந்தார். இரண்டு படி கீழே பெரியப்பா. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். பெரியப்பா தலையை நிமிர்த்தி என் கையில் இருந்த தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி இறங்கினார்.

வண்டி போன சத்தம் கேட்டதும் அக்கா அப்படியே படியில் சரிந்து உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கட்டிப்பிடித்து அழுதேன். "ஏங்க்கா ஓடல?" என்று கேட்டேன்.

"எங்கப்பா இன்னொண்ணும் சொல்லி இருக்கறாருடி. உங்ககிட்ட அத நான் சொல்லல, சொன்னா எதிர்பாப்பீங்க. க்ரூஸருக்குப் பின்னாடி சரக்குக் கப்பலுங்க வந்துக்கினு இருந்தா, எதுத்தாப்ல எத்தினி பெருசு வந்தாலும் ஓடக்கூடாதாம். மலை மாதிரி வந்தாலும் நின்னுதான் ஆவணுமாம்." மூக்கைச் சிந்திக்கொண்டார். "பேஜாரு புடிச்ச ரூலுடி அது."

பிறகு பசிக்கிறது என்றார். ஹோட்டலில் இரண்டு மீல்ஸ் சாப்பிட்டார், என்னவரின் அப்பளத்தையும் சேர்த்து. சாப்பிடச் சாப்பிட அவருக்குச் சிரிப்பு திரும்பி வந்தது, எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. சப்ளையர் வந்து யாருக்குக் கல்யாணம் என்று கேட்டபோது அக்கா தன்னைத்தான் காட்டினார். அதற்குப் பிறகு அவர் அச்சகத்தில் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. கட்டிக்கொடுத்த தன் மகள் வீட்டோடு விசாகப்பட்டினம் போய்விட்டார். மாடியில் நின்றால் கப்பல் தெரிகிறது, ஆனால் க்ரூஸர் ஒன்றுகூட இல்லை, நம் நாட்டில் இப்போது யாரும் வைத்துக்கொள்வதில்லையாம் என்று போனில் குறைபட்டுக்கொண்டார். பிறகு அந்த நம்பரும் மாறிவிட்டது.

பெரியப்பா நாலு வருஷம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. எங்கள் மகளுக்கு மூன்று வயது நடக்கும்போது, ஒருநாள் காலையில் ஒரு மூட்டை மல்லாட்டையோடு வந்து நின்றார். காபி கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்தப் பொம்பள எங்கம்மா இருக்குது?"

சொன்னேன்.

"ஒத்தக் கையால நவுத்திப்புட்டு ஏறி இருப்பேன்" என்றார்.

"ஏன் பெரியப்பா ஏறல?"

"அன்னிக்கு எங்கிட்ட என்னா சொல்லிச்சு தெரியுமா? 'ஐயா, உங்களப் பாத்தா எனக்கு ரொம்ப பயமா இருக்குது, மன்னிச்சிக்குங்க'ன்னு சொல்லிச்சு. சொல்லிட்டு அங்கியே நின்னுது. கை ரெண்டும் கெடந்து ஆடுது, கண்ணுல தண்ணி கொட்டுது, நவுரல. எதுத்துக்கினு நின்ன ஆம்பளைங்கள எத்தினியோ பேரத் தள்ளிப்புட்டுப் போயிருக்கறேன். அத்தினி பயத்தையும் வெச்சுக்கினு ஒருத்தி நவுராம நின்னா, அவள எப்பிடிம்மா தள்றது?"